சறுக்குத் தளத்துக்கு டெண்டர் வேண்டாம், இடம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் கடிதப் பகுதியில் இரண்டு கடிதங்கள் அடுத்தடுத்து வந்திருந்தன. தெருவில் ஸ்கேட்போர்டு என்ற சக்கரப் பலகையை ஓட்டும் பையன்களின் பலகைகளைக் காவல்துறை பறிமுதல் செய்ய வேண்டும் என்கிறார் ஒருவர். மதுரையில் ஒலிம்பிக் தரத்தில், பல கோடி ரூபாயில், ஒரு ஸ்கேட்பார்க், அதாவது அந்தப் பலகையை ஓட்டுவதற்கான சறுக்குத் தளம், கட்ட டெண்டர் விட வேண்டும் என்கிறார் மற்றவர். முதலாமவர் மீது எனக்கு வருத்தமில்லை. அந்தச் சத்தம் என் வீட்டு வாசலிலும் கேட்கிறது, மதியத் தூக்கம் கெடத்தான் செய்கிறது. இரண்டாமவருக்குத்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது. சித்தாளாகத் தொடங்கி, கொத்தனாராகி, மேஸ்திரியாக ஓய்வு பெற்றவன் நான். மொத்தம் 38 ஆண்டுகள். டெண்டர் வேலை எப்படி நடக்கும் என்பதை உள்ளிருந்து பார்த்தவன்.

சில ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரனை அழைத்துக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே பூங்காவுக்குள் புதிதாக 'ஸ்கேட்டிங் தளம்' கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னதும் பையன் பலகையோடு ஓடினான். வாசலில் பூட்டு. ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணப் பலகை. காவலாளி வந்து திறந்தார், பையனின் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு, "இந்தப் பலகையெல்லாம் ஏறினால் டைல்ஸ் உடைந்துவிடும் ஐயா, காலில் மாட்டுகிற ஸ்கேட்டுக்கு மட்டும்தான் அனுமதி" என்றார். அவரிடம் சண்டை போட்டு என்ன பயன்? பையன் ஓரமாக நிற்க, நான் மட்டும் உள்ளே போய்ப் பார்த்தேன். வளைந்து ஏற வேண்டிய சரிவை, மாட்டுவண்டி ஏற்றத்துக்குப் போடுவது போல நேர்க்கோட்டில் போட்டிருந்தார்கள். சரிவும் தரையும் சேரும் இடத்தில் ஓர் உதடு துருத்திக்கொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து இரண்டு ரூபாய் நாணயங்கள் இரண்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அந்த உதட்டோடு சேர்த்து வைத்தேன். சரியாக அதே உயரம். இதில் என்ன பெரிய குற்றம் என்று கேட்பீர்கள். அந்தப் பலகையின் சக்கரம் குறுக்களவில் ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம்தான் கூடுதல். வேகமாக வரும்போது ஒரு சிறு ஜல்லிக்கல் பட்டாலே சக்கரம் நின்றுவிடும், மேலே இருக்கிறவன் நிற்க மாட்டான்.

ஒப்பந்தக்காரரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். முடிந்த வேலையை அளந்து பணம் கொடுக்க எழுதும் அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், கனம் மூன்றுக்கும் இடம் உண்டு. வளைவின் வழவழப்பை எழுத இடமில்லை. எழுத இடமில்லாததற்குக் காசு வராது. காசு வராத வேலையில் எவன் மெனக்கெடுவான்? நானே மெனக்கெட்டதில்லை.

இப்போது நான் பார்த்த இன்னொரு தளத்தைப் பற்றிச் சொல்கிறேன். என் மகள் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், போர்ட்லாந்துக்கு மேற்கே ஹில்ஸ்பரோவில் இருக்கிறாள். அங்கே கணினிச் சில்லு ஆலை வேலைக்காகப் போன நம்மவர்கள் நிறையப் பேர். 2023 கோடையில் போய் மூன்று மாதம் தங்கினேன். பேரனுக்கு அப்போது 13 வயது. டோக்கியோவில் 2021இல் நடந்த ஒலிம்பிக்கில்தான் இந்த விளையாட்டை முதன்முதலாகச் சேர்த்தார்கள், அதில் தங்கம் வாங்கிய ஜப்பான் சிறுமி மோமிஜி நிஷியாவுக்கும் வெள்ளி வாங்கிய பிரேசில் சிறுமிக்கும் அன்று 13 வயதுதான் என்பதை அவன் ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது எனக்கு நினைவூட்டுவான். ஒரு சனிக்கிழமை, "தாத்தா, உங்களுக்குப் பிடித்த மாதிரி ஓர் இடம் இருக்கிறது, முழுக்க முழுக்க சிமெண்ட்" என்று சொல்லி மின்ரயிலில் கூட்டிப் போனான்.

வில்லமெட் ஆற்றின் குறுக்கே 1926இல் திறந்த பர்ன்சைடு பாலம். அதன் கிழக்கு முனையில், பாலத்துக்கு அடியில், அந்தத் தளம் இருக்கிறது. கதவில்லை, பூட்டில்லை, கட்டணமில்லை. தூண்களுக்கு நடுவே கான்கிரீட் அலை அலையாக எழுந்து நிற்கிறது. ஓரிடத்தில் தொட்டி, ஓரிடத்தில் செங்குத்துச் சுவர், நடுவில் ஒட்டகத் திமில் போல ஒரு மேடு. முதல் பார்வையில் எனக்குப் பிடிக்கவில்லை என்பதே உண்மை. ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி இருந்தது. ஒரு பக்கம் வெளிர்சாம்பல், பக்கத்திலேயே கறுப்பு, அதற்கு மேல் ஒருவன் பெயிண்டில் எழுதிய எழுத்து. ஒரே நாளில் ஊற்றிய கான்கிரீட் இல்லை, பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியது என்பது மூட்டுகளைப் பார்த்தாலே தெரிந்தது. குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையை அழுத்தி இரண்டு வேறு நிறக் கான்கிரீட்டுகள் சேரும் கோட்டின் மேல் இழுத்தேன். கண்ணுக்குத் தெரிந்த அந்தக் கோடு கைக்குத் தட்டுப்படவே இல்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கதை இதுதான். 1990 அக்டோபர் கடைசியில், இந்த விளையாட்டுக்கு ஒலிம்பிக்கும் டெண்டரும் இல்லாத காலத்தில், பலகை ஓட்டும் நண்பர்கள் சிலர் அந்தப் பாலத்தடிச் சுவரோரம் கொஞ்சம் சிமெண்ட் கலவையைச் சரிவாக அப்பியிருக்கிறார்கள். போர்ட்லாந்தில் இலையுதிர் காலம் தொடங்கினால் வசந்தம் வரை மழை விடாது. நனையாமல் விளையாட ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அப்போது அந்தப் பாலத்தடி போதை ஊசி போடுகிறவர்களும் கைவிட்ட கார்களும் நிறைந்த இடம். எவரிடமும் அனுமதி கேட்கவில்லை.  முதலில் போட்டது கரடுமுரடாக வந்தது. ஓட்டிப் பார்த்தார்கள், விழுந்தார்கள், அடுத்த சரிவை இன்னும் நன்றாகப் போட்டார்கள். கையில் காசு வந்தபோது மூட்டை வாங்கினார்கள், இல்லாதபோது காத்திருந்தார்கள். அக்கம்பக்கத்துத் தொழிற்கூடக்காரர்கள் இவர்களுக்கு ஆதரவாக நின்றார்கள். கடைசியில் நகராட்சி, இடிப்பதற்குப் பதிலாக, இருக்கட்டும் என்று ஏற்றுக்கொண்டது. அந்தப் பாலத்தடியில் கரண்டி பிடிக்கக் கற்றவர்கள் பிற்பாடு சொந்தமாக நிறுவனங்கள் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான மார்க் ஸ்காட்டின் 'டிரீம்லேண்ட்' பல ஊர்களில் ஸ்கேட்பார்க் கட்டியது.

நான் போன அன்று நரைத்த தாடிக்காரர் ஒருவர் தொட்டியின் விளிம்பில் ஒரு வெடிப்பை அடைத்துக்கொண்டிருந்தார். அவர் யார், தொடக்கத்திலிருந்தே இருப்பவரா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. ஒரு வாளி, ஒரு தூரிகை, ஒரு எஃகுக் கரண்டி. பக்கத்தில் போய்க் குந்தினேன். குறை சொல்லத்தான் காத்திருந்தேன், வாய்ப்பே கிடைக்கவில்லை. வெடிப்பை உளியால் உள்ளே அகலமாக வெட்டியிருந்தார். தூசியை ஊதினார், கழுவினார், ஈரம் மினுங்காமல் மட்டுப்படும் வரை காத்திருந்தார், பிறகுதான் கலவையை வைத்தார். நம் ஊரில் இந்தக் காத்திருப்பைச் செய்ய வைக்க நான் எத்தனை கொத்தனார்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்! பேரன் இடையில் நின்று மொழிபெயர்த்தான். நான் மேஸ்திரி என்று சொன்னதும் அவர் என் வலது கையைப் புரட்டிப் பார்த்தார். சுண்டுவிரலுக்குக் கீழே காய்ப்பு இன்னும் இருக்கிறது. ஒன்றும் பேசாமல் கரண்டியை நீட்டினார்.

கடைசி இழுப்பை நான் இழுத்தேன். மூன்றே அடி நீளம். எஃகுக் கரண்டியின் முனையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒரே வீச்சில். ஓய்வு பெற்ற பிறகு நான் செய்த ஒரே பூச்சு வேலை அதுதான். அவர் கண்ணை விளிம்பின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். தலையசைப்புக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இறுகும் வரை எவனும் அந்தப் பக்கம் ஏறக் கூடாது என்று ஒரு பழைய டயரைப் போட்டு வைத்தார். அத்தனை பேரும் அதைச் சுற்றிப் போனார்கள்.

அந்த இடத்தைச் சொர்க்கம் என்று சொல்லிவிட மாட்டேன். ஒருவன் வரும் பாதையில் என் பேரன் தெரியாமல் குறுக்கே போய்விட்டான், காது கூசும்படி திட்டு வாங்கினான். தலைக்கவசம் போட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். பழகாதவர்கள் கால் வைக்கும் இடமே அல்ல அது. நம் ஊரில் கட்டினால் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றபடி தாழ்வாகத்தான் கட்ட வேண்டும். இன்னொன்று, அனுமதி இல்லாமல் தொடங்குவதை நான் பரிந்துரைக்கவில்லை. அங்கே நகராட்சி பிற்பாடு இருக்கட்டும் என்றது. இங்கே மறுநாள் காலை ஜேசிபி வந்துவிடும்.

நம் நாட்டில் இப்படி நடக்காது என்று சொல்பவர்களுக்கு இரண்டு செய்திகள். பெங்களூரில் 'ஹோலி ஸ்டோக்ட்' என்ற இளைஞர் குழு, வெளிநாட்டுத் தன்னார்வலர்களோடு சேர்ந்து 2013இல் இலவச ஸ்கேட்பார்க் ஒன்றைத் தங்கள் கையாலேயே கட்டியது. பணம் ஒரு ஜீன்ஸ் நிறுவனத்துடையது, முதுகுவலி இவர்களுடையது. மத்தியப் பிரதேசத்தில் பன்னா மாவட்டத்து ஜன்வார் கிராமத்தில் 2015இல் இன்னொன்று எழுந்தது. உல்ரிக்கே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பெண்மணி தொடங்கி வைத்தார். பல நாடுகளிலிருந்து வந்த தன்னார்வலர்கள் கட்டினார்கள். விதிகள் இரண்டு: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை, பெண் பிள்ளைகளுக்கே முதல் முறை. ஆதிவாசிப் பிள்ளைகளும் யாதவப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காராத ஊரில் ஒரே பலகையை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். அந்தத் தளத்தில் பழகிய ஆஷா கோண்ட் 2018இல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டிக்குப் போய்வந்தார். நம் மாமல்லபுரத்திலும் மீனவர் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி செருப்பில்லாமல் பலகை ஓட்டுவதைப் பற்றி எடுத்த குறும்படம் 2020இல் பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவின் பரிந்துரைப் பட்டியல் வரை போனது. ஆசை இல்லாத ஊர் என்று நம்மைச் சொல்ல முடியாது.

ஊர் கூடி வேலை செய்வதும் மதுரைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகைக் கரை உடைந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் பறை அறைந்தானே, அதுவும் தன்னார்வ வேலைதான், கொஞ்சம் பிரம்போடு. பிட்டு விற்கும் வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆள் இல்லை. கூலியாளாக வந்த சொக்கநாதரோ உதிர்ந்த பிட்டைத் தின்றுவிட்டு மண்ணைச் சுமக்காமல் படுத்துத் தூங்கினார். ஆண்டுதோறும் ஆவணியில் புட்டுத்தோப்பில் இதைத்தானே கொண்டாடுகிறோம்? எந்த ஊர் வேலையிலும் பத்துப் பேர் வந்தால் இரண்டு பேர் சோற்றுக்கு மட்டும் வருவார்கள். கடவுளே வந்த வேலையில் நடந்தது, நமக்கு நடந்தால் என்ன? குடிமராமத்து என்ற பெயரில் ஏரி, கண்மாய்களை ஊராரே பராமரித்த வழக்கத்தை 2017இல் அரசே மீண்டும் கையில் எடுத்தது. 'நமக்கு நாமே' திட்டம் 1997-98இல் வந்தது, 2021இல் மறுபடி உயிர் பெற்றது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும். ஸ்கேட்பார்க்கை இந்தத் திட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். பையன்கள் சுமக்கும் ஜல்லிச் சட்டியையும் அந்தப் பங்கில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள் என்பதே அதிகாரிகளுக்கு என் விண்ணப்பம். பையன்களிடம் பணம் ஏது?

இனி கணக்கு. கடிதம் நீண்டுவிட்டது, வெட்ட வேண்டியிருந்தால் புட்டுத்தோப்பை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள். 15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனம் என்றால் 15 கனமீட்டர் கான்கிரீட். சிமெண்ட் ஒன்று, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்ற கலவையில் கனமீட்டருக்கு 8 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். ஆக 120 மூட்டை. வளைவுகளில் பரப்பு கூடும், சேதாரமும் இருக்கும், 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை விலையால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஜல்லி, மணல், கம்பி, விளிம்புக்கு இரும்புக் குழாய் எல்லாம் சேர்த்தாலும், கோடி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கூட வராது. கூலிதான் பெரிய செலவு, அந்தக் கூலியைத்தான் பையன்கள் தருகிறார்கள்.

சூட்சுமம் வளைவில் இருக்கிறது. நான்கு அடி உயரச் சுவருக்கு ஏழு அடி ஆரம். ஒட்டுப்பலகையில் ஆணி அடித்து, ஏழு அடிக் கயிறு கட்டி, பென்சிலால் வில் போட்டு அறுத்தால் அச்சு தயார். அடிமண்ணை நன்றாகக் குத்தி இறுக்கி, அந்த அச்சுகளை நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே கலவையைப் போட்டு மட்டப்பலகையைக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். தண்ணீர் கூடினால் கலவை சரிந்து கீழே வயிறு விட்டுவிடும். 'கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் சுலபமாக இழுக்கலாமே' என்று சொல்லும் ஆளை அன்று வேலைக்கே சேர்க்காதீர்கள். மணியாசுக் கட்டை என்கிற மரத் தேய்ப்புக் கட்டையால் தேய்த்து, நீர் வற்றி விரல் வைத்தால் லேசாகப் பதியும் பதத்தில் எஃகுக் கரண்டி போட வேண்டும். அந்தப் பதம் எப்போது வரும் என்பதை எவனும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. கலவைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு பத்து நாள் நனைத்த சாக்கு. வளைவில் தண்ணீர் தேங்காது, வழிந்துவிடும், அதனால் சாக்கு காயக் காய நனைக்க இரவிலும் ஓர் ஆள் வேண்டும். கூலிக்கு வந்தவன் மூன்றாம் நாளே வேறு வேலைக்குப் போய்விடுவான். தன் முழங்கை அந்தத் தரையில் தேயப் போகிறது என்று தெரிந்தவன் பத்தாம் நாளும் வாளியோடு வருவான். என் 38 ஆண்டு அனுபவத்தில் இதற்கு மிஞ்சிய தரக்கட்டுப்பாட்டை நான் பார்த்ததில்லை.

இடம்? மேம்பாலத்தடி. போர்ட்லாந்தில் பாலம் மழைக்குக் குடை, நமக்கு வெயிலுக்கு. சித்திரை மாதம் மதியம் ஒரு மணிக்குத் திறந்தவெளிக் கான்கிரீட்டில் விழுந்தால் தோல் உரிவது சிராய்ப்பாலா சூட்டாலா என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும். நத்தம் சாலை மேம்பாலம் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. ஆனால் இருபுறமும் வண்டி பறக்கும் தூண்களுக்கு நடுவே பிள்ளைகளை விடச் சொல்ல மாட்டேன். நான் கேட்பது, பாலம் தரையைத் தொடும் முனைகளில், சாலையை விட்டு ஒதுங்கி, குப்பையும் பழுதான தள்ளுவண்டிகளும் கிடக்கிறதே, அப்படிப்பட்ட ஒரு மூலை. எங்கள் பகுதியிலேயே ஒன்று இருக்கிறது. சென்ற வாரம் காலடியால் அளந்தேன், 150 சதுர மீட்டருக்குக் குறையாது. பாலத்தின் தூணைத் தொடாமல், வடிகாலை மறிக்காமல் கட்ட முடியும். பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ எழுதிக் கொடுத்தால் போதும். வேலி, பூட்டு, கட்டணம், கல்வெட்டு எதுவும் வேண்டாம். கல்வெட்டு வைத்தே தீர வேண்டும் என்றால் சக்கரம் ஓடாத இடத்தில் வையுங்கள்.

பலகையைப் பறிமுதல் செய்யச் சொன்ன வாசகர் எங்கள் பக்கத்துத் தெருக்காரராக இருக்கலாம் என்று ஒரு சந்தேகம். ஐயா, உங்கள் மதியத் தூக்கத்துக்கும் என் மதியத் தூக்கத்துக்கும் இந்த மூலைதான் மருந்து. இந்த மூலையைக் கேட்கும் விண்ணப்பத்தில் பையன்கள் ஒன்பது பேரும் பெண் பிள்ளைகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் கையெழுத்துத்தான் குறைகிறது. என்னுடையதைச் சேர்த்தும் நான்குதான்.

என்னிடம் மணியாசுக் கட்டை இரண்டு, எஃகுக் கரண்டி மூன்று, ஒரு ரசமட்டம் இருக்கின்றன. ஏழு அடி ஆரத்துக்கு ஒட்டுப்பலகை அச்சு ஒன்றை அறுத்து மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன். மழைச்சாரல் படாமல் பிளாஸ்டிக் தாளால் மூடியிருக்கிறேன். சனி, ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை வர முடியும். அதற்கு மேல் வெயிலில் நிற்க மருத்துவர் அனுமதிக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கட்டட மேஸ்திரி,
மதுரை.